ஆச்சி இல்லாத ஊருக்கு ஆறு நாள்

புதன், ராத்திரி, ரயில்ல

செந்தூர் எக்ஸ்பிரஸ் எழும்பூர்ல இருந்து கிளம்பி மூணு மணி நேரமாச்சு. அம்மா லோயர் பெர்த்துல தூங்காம ஜன்னலப் பாத்துட்டே உக்காந்திருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஆச்சி போயி ஒரு வருஷம். ஊர்க்கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை வச்சு ஜெபம் பண்ண மாமா ஏற்பாடு பண்ணிருக்காங்க, அதுக்குத்தான் போறோம். ஆனா அம்மா ஒரு நாள் போயிட்டு மறுநாள் திரும்புறதுக்கு ஒத்துக்கல. "உங்க ஆச்சி பிறந்த ஊரு, படிச்ச ஊரு, வேல பாத்த ஊரு எல்லாத்தையும் ஒரு தடவ சேந்தாப்ல பாத்துரணும்ட்டி, எனக்கும் முட்டு வலிக்க ஆரம்பிச்சிட்டு"ன்னாங்க. அதான் ஆறு நாள் லீவு போட்டேன். தினமும் ராத்திரி அன்னன்னிக்கு நடந்தத எழுதிரணும்னு நினைக்கேன், இல்லன்னா மறந்துரும்.

ஆச்சியப் பத்தித் தெரியாதவங்களுக்கு: எங்கம்மாவப் பெத்த அம்மா. 1938ல முதலூர்ல பிறந்தாங்க, பாளையங்கோட்டைல போர்டிங்ல தங்கிப் படிச்சு டீச்சர் ட்ரெயினிங் முடிச்சாங்க, மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல வாக்கப்பட்டு அந்த ஊருல சபை நடத்துற டி.டி.டி.ஏ. ஆரம்பப் பள்ளிக்கூடத்துலயே 1996 வரைக்கும் டீச்சரா இருந்தாங்க, போன வருஷம் 86 வயசுல அதே வீட்டுல கண்ண மூடுனாங்க. சென்னைக்கு ரெண்டே தடவதான் வந்திருக்காங்க, எங்கப்பா அம்மா கல்யாண வரவேற்புக்கு ஒண்ணு, கண் ஆபரேஷனுக்கு ஒண்ணு. மத்தபடி அவங்க வாழ்ந்த ஊரையெல்லாம் ஒரு பஸ்ல ஏறுனா ஒரே பகல்ல பாத்துட்டு வந்துரலாம், அவ்ளோ பக்கம் பக்கம்.

வியாழன்

விடியக்கால திருநெல்வேலி தாண்டினதும் அம்மா என்னைய எழுப்பி விட்டுட்டாங்க. செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம்னு ஒவ்வொரு ஸ்டேஷனா வாய்க்குள்ள சொல்லிட்டே வந்தாங்க. ஸ்ரீவைகுண்டம் வந்ததும் நானும் எந்திரிச்சு எட்டிப் பாத்தேன். 2023 டிசம்பர்ல அந்தப் பெருமழை பெஞ்சப்போ இதே செந்தூர் எக்ஸ்பிரஸ் இந்த ஸ்டேஷன்லதான் 800 பேரோட மாட்டிக்கிட்டு நின்னுச்சு, தண்டவாளத்துக்குக் கீழ இருந்த மண்ணே அடிச்சிட்டுப் போயிருச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ரயில்ல இருந்தவங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரங்கதான் சோறு பொங்கிக் கொண்டு குடுத்தாங்க. அப்போ எங்க ஊருக்கும் ரெண்டு நாள் ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது, போன் கிடையாது, இங்க சென்னைல உக்காந்து அம்மா அழுதுட்டு இருந்தாங்க. மூணாவது நாள் மாமா போன் கிடைச்சப்போ ஆச்சி வாங்கிப் பேசுன முத வார்த்த, "இங்கன நாங்க சௌக்கியம், கலயத்துல இருந்த அரிசிய எடுத்து கீழத்தெருக்காரிகளுக்குப் பொங்கிப் போட்டாச்சு, கர்த்தர் கேட்டா அவரு அரிசிதான்னு சொல்லிக்கிடுதேன்"ங்கிறதுதான். அந்தக் கலயத்தப் பத்தி அப்புறம் எழுதுறேன், அதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

நாசரேத் ஸ்டேஷன்ல மாமா கார் வச்சிட்டு நின்னாங்க. மாமாவுக்கு முடி மொத்தமா நரைச்சிட்டு, ஒரு வருஷத்துல இப்பிடி ஆயிட்டாங்களேன்னு இருந்துச்சு. அம்மா கீழ எறங்குனதும் "அண்ணே"ன்னாங்க, அதுக்கு மேல ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

போற வழியில நாசரேத் பேராலயத்துல பத்து நிமிஷம் நின்னோம். நாசரேத்துன்னா எங்க சைடு ஆளுகளுக்கு மர்காஷிஸ் ஐயர்தான். 1876ல வந்து 1908ல சாகுற வரைக்கும் இந்த ஊரவிட்டுப் போகாத மனுஷன், பள்ளிக்கூடம், தொழிற்பள்ளி, ஆஸ்பத்திரின்னு ஊரையே கட்டி எழுப்பினவர். ஆச்சி அவரப் பாத்ததில்ல, ஆனா ஆச்சியோட தாத்தா அவருகிட்ட வைத்தியம் பாத்தவராம், அதனால ஆச்சி சொல்லும்போது ஏதோ எதுத்த வீட்டுக்காரர் மாதிரிதான் "மர்காஷிஸ் ஐயரு அப்பிடிச் சொல்லுவாராம்"னு சொல்லுவாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விஷயம், எங்க பக்கம் சபைக் குருவ ஐயர்னுதான் சொல்லுவோம், அவங்க வீட்டம்மா ஐயரம்மா. சர்ச்சுன்னும் சொல்றதில்ல, கோயில்தான்.)

வீட்டுக்குப் போனா அத்தை கருப்பட்டிக் காப்பியும் ஆப்பமும் வச்சிட்டு வாசல்லயே நிக்காங்க. "வாங்க மைனி, வா மக்ளே, வண்டியில தூங்குனியளா"ன்னு கேட்டுக்கிட்டே எங்க பைய வாங்கி ஆச்சி ரூமுக்குள்ள கொண்டு வச்சாங்க. ஆச்சி கட்டில் அப்பிடியே இருக்கு. தலைமாட்டுல கண்ணாடிக் கூடு, பெரிய எழுத்து வேதப்புத்தகம், கோயிலுக்குக் கொண்டு போற துணிப்பை. பைக்குள்ள ரெண்டு ஏலக்கா கூட கெடந்துச்சு, பிரசங்கம் நீளும்போது பேரப்பிள்ளைகளுக்குக் குடுக்குறதுக்கு எப்பவும் வச்சிருப்பாங்க. அதப் பாத்ததும் எனக்கு என்னமோ பண்ணிட்டு, கெணத்தடிக்குப் போயிட்டேன்.

வெள்ளி

காலைல முதலூர். சாத்தான்குளத்துக்குப் பக்கத்துல இருக்கு. போற வழி பூரா தேரிக்காடு, செக்கச்செவேல்னு மணலு, நடுநடுவுல பனையும் முருங்கையும். மே மாசம்ங்கறதால பதநீர் சீசன், ரோட்டோரம் ஒரு பனையேறி அண்ணன்கிட்ட நிப்பாட்டி ஓலைப்பட்டையில வாங்கிக் குடிச்சோம். பக்கத்துல விடிலில, அதாவது பதநீர் காய்ச்சுற குடிசைல இருந்து, பதநீர் காயுற வாசம் வந்துச்சு. இப்போ உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, ஆனா மரம் ஏற ஆள் இல்லன்னு அந்த அண்ணன் சொன்னாங்க, அவங்க பையன் திருப்பூர்ல இருக்கானாம்.

ஆச்சியோட அப்பாவும் பனையேறிதான். காலைல மரம் ஏறப் போறதுக்கு முன்னாடி கோயில் வாசப்படியத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவாராம், சாயந்தரம் திரும்பி வந்துட்டா மறுபடி ஒரு தடவ. ஒவ்வொரு நாளும் அறுபது எழுபது அடி உயரத்துல ஒத்தக் கயித்த நம்பித் தொங்குறவங்களோட ஜெபம் நம்ம ஜெபம் மாதிரி இருக்காதுல்ல.

முதலூர் 1799ல தாவீது சுந்தரானந்தம்ங்கற உபதேசியார் உண்டாக்குன ஊரு. புதுசா கிறிஸ்தவங்களா ஆனவங்கள சொந்த ஊர்ல இருக்க விடாம அடிச்சு விரட்டுனப்போ, நிலம் வாங்கி அவங்களுக்குன்னு அமைச்ச முதல் ஊரு, அதான் முதலூர். ஆச்சிக்கு இதுல ரொம்பப் பெருமை. யாராவது பெரிய ஊர்க்காரங்க "நீங்க எந்த ஊரு"ன்னு கேட்டா "முதல் ஊரு"ன்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லுவாங்க. கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிகிட்ட அம்மா ரொம்ப நேரம் நின்னாங்க. தொட்டியோட விளிம்புல கைய வச்சு, "இங்கன வச்சுத்தான் எங்க அம்மைக்குப் பேரு வச்சாவ"ன்னு எனக்குச் சொன்னாங்களா அவங்களுக்கே சொல்லிக்கிட்டாங்களான்னு தெரியல.

ஆச்சி பிறந்த வீடு இப்போ இல்ல, அந்த எடத்துல வேற யாரோ மாடி வீடு கட்டியிருக்காங்க. அந்த வீட்டக்காட்டிலும் அங்க இருந்த வேப்பமரத்ததான் அம்மா தேடுனாங்க, அதுவும் இல்ல. மஸ்கோத் அல்வா மூணு கிலோ வாங்குனோம். நெய்யே ஊத்தாம தேங்காப் பால்ல மணிக்கணக்குல கிண்டுற அல்வா, எண்ணெ தானாப் பிரிஞ்சு வரும். லீவுக்கு வந்துட்டு சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஆச்சி இதத்தான் கட்டிக் குடுப்பாங்க.

மத்தியானம் திசையன்விளை வழியா இடையன்குடி போனோம். ஆச்சியோட அம்மா, அதாவது எங்க பூட்டி, அந்த ஊர்க்காரங்க. இடையன்குடின்னா கால்டுவெல்னு எல்லாருக்கும் தெரியும், திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினவர், 1841ல இங்க வந்து ஐம்பது வருஷம் இருந்தார். அவரு கட்டுன தூய திரித்துவ ஆலயம் 1847ல ஆரம்பிச்சு 1880லதான் முடிஞ்சிருக்கு, முப்பத்து மூணு வருஷம். இந்தக் காட்டுக்குள்ள அவ்ளோ உயரமா கூர்கூரா ஜன்னல் வச்சு ஒரு கோயில். 1891ல கொடைக்கானல்ல இறந்தாலும் அவர இங்க கொண்டு வந்துதான் கோயிலுக்குள்ள அடக்கம் பண்ணிருக்காங்க.

ஆனா எங்க வீட்டுல கால்டுவெல்லவிட அவரு சம்சாரம் எலைசா அம்மா பேச்சுதான் அதிகம் அடிபடும். நாகர்கோவில்ல மிஷனரியா இருந்த மால்ட்டோட மக அவங்க, நாகர்கோவில்ல அவங்கம்மா பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கத்துக் குடுத்தது மாதிரி இங்க இடையன்குடிலயும் ஆரம்பிச்சாங்க. திண்டு மேல நூலக் கட்டைகள்ல சுத்தி, ஊசி குத்தி ஊசி குத்திப் பின்னுறது, ஒரு சாண் பின்னுறதுக்கே நாள்கணக்காகும். பனை ஓலை கிழிக்கிறதும் சுள்ளி பொறுக்குறதும் தவிர கைல காசு பாக்காத பொம்பளைகளுக்கு அது எவ்ளோ பெரிய விஷயமா இருந்திருக்கும்! எங்க பூட்டி ரேந்தை பின்னிச் சேத்த காசுலதான் ஆச்சிய பாளையங்கோட்டை போர்டிங்ல சேத்தாங்களாம். பூட்டா வேண்டாம்னுருக்காரு, பொம்பளப் பிள்ள படிச்சு என்னத்துக்குன்னு. "என் கைக்காசு, நான் படிக்க வப்பேன்"னு பூட்டி சொல்லிட்டாங்களாம். ஆச்சி இந்தக் கதையச் சொல்லும்போது அவங்கம்மா குரல்லயே சொல்லுவாங்க, எத்தன தடவ கேட்டாலும் புல்லரிக்கும்.

கோயில் படியில உக்காந்து அம்மாகிட்ட அந்த ரேந்தை ஏதாவது வீட்டுல இருக்கான்னு கேட்டேன். ஒண்ணு இருந்துச்சாம், ஆச்சி கல்யாண முக்காட்டுல தச்சது. ஆச்சிய அடக்கம் பண்ணும்போது அத தலையில போட்டுத்தான் அனுப்புனாங்களாம். அவ்ளோ பக்கத்துல நின்னும் நான் அத கவனிக்கவேயில்ல.

சனி

இன்னைக்கு எங்கயும் போகல. காலைல கல்லறைத் தோட்டத்துல முள்ளுச்செடியெல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணி ஆச்சி கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சோம். மத்தியானத்துக்கு மேல சித்தி குடும்பம் தூத்துக்குடில இருந்து வந்துட்டாங்க, வீடு நிறைஞ்சிட்டு. சனிக்கிழமை சாயந்தரமே மறுநாளைக்கு மசாலா அரைச்சு வைக்கிறது ஆச்சி போட்ட சட்டம், ஞாயித்துக்கிழமை அம்மில கை வைக்கப்படாது. இப்போ மிக்சி வந்தும் அத்தை அதேதான் பண்ணுதாங்க.

ராத்திரி குடும்ப ஜெபத்துல ஒரு விஷயம். ஆச்சி தினமும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஒவ்வொருத்தர் பேரா சொல்லி ஜெபம் பண்ணுவாங்க, குடும்பம் மட்டுமில்ல, தெருவுல மேக்க இருந்து கிழக்க வீடு வீடா, எந்த வீட்டுல யாருக்கு என்ன சுகமில்லன்னு வரைக்கும். சின்ன வயசுல லீவுக்கு வரும்போது பாதித் தூக்கத்துல எம்பேரு எப்ப வரும்னு காத்திட்டு படுத்திருப்பேன், வந்ததும் மறுபடி தூங்கிருவேன். இன்னைக்கு மாமா ஜெபம் பண்ணும்போது அதே வரிசைல பேர் சொன்னாங்க, ஒரு பேர் கூட மாறல. மாமா வாயத் திறந்து ரெண்டு வாக்கியத்துக்கு மேல ஜெபம் பண்ணி நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. பக்கத்துல படுத்துக்கிட்டு அத்தன வருஷமும் அவங்களும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்காங்க.

ஞாயிறு

காலைல முதல் மணி அடிக்கும்போதே எல்லாரும் குளிச்சு ரெடி. ஆச்சி இருந்தா ரெண்டாம் மணி அடிக்கும்போது கோயில்ல மூணாவது வரிசைல ஜன்னல் ஓரமா உக்காந்திருப்பாங்க. அந்த எடத்துல இன்னைக்கு யாரும் உக்காரல. யாரும் சொல்லி வச்சு அப்பிடிச் செய்யல, ஒவ்வொருத்தரா வந்தாங்க, பாத்தாங்க, அடுத்த வரிசைக்குப் போயிட்டாங்க. கடைசில ஆச்சிகிட்ட அ, ஆ படிச்ச ஒரு அக்கா அவங்க கைக்குழந்தையக் கொண்டு வந்து அங்கன விரிப்பு விரிச்சுப் படுக்கப் போட்டாங்க. அது பிரசங்கம் முடியுற வரைக்கும் சமத்தாத் தூங்குச்சு.

நன்றி ஜெபத்துல ஐயர் ஆச்சி பேரச் சொல்லும்போது "டீச்சரம்மா"ன்னு ஒரு சத்தம் பெண்கள் பக்கத்துல இருந்து வந்துச்சு, பேரச் சொன்னா அவங்களுக்கு ஆளு தெரியாதுல்ல, ஊருக்கே டீச்சரம்மாதான். மணலப் பரப்பி விரலப் பிடிச்சு எழுதப் பழக்குனது, பலப்பம் இல்லாத பிள்ளைக்கு தன் மடில இருந்து எடுத்துக் குடுத்தது, பனங்காட்டு சீசன்ல அப்பா அம்மா கூட விடிலிக்குப் போயிட்ட பிள்ளைகளத் தேடி தேரிக்காட்டுக்கே நடந்து போயி கூட்டிட்டு வந்தது, இப்பிடி ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க.

அப்புறம் ஏலம். எங்க பக்கத்துக் கோயில்கள்ல காணிக்கையா வர்ற முட்டை, கோழி, முருங்கக்கா, தேங்கா எல்லாத்தையும் ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல வச்சு ஏலம் போடுவாங்க. இன்னைக்கு எங்க வீட்டுல இருந்து ஆச்சி வச்ச பப்பாளி மரத்துல ஒரு பழம் கொண்டு போயிருந்தோம். இருபது ரூபாய்க்கு ஆரம்பிச்சது, மாமா நூறுன்னாங்க, யாரோ இருநூறுன்னாங்க, போயி போயி எழுநூத்தம்பதுக்கு ஒரு லாரி டிரைவர் அண்ணன் எடுத்தாங்க. எடுத்து நேரா எங்கம்மா கைல குடுத்துட்டு, "டீச்சரம்மா இல்லன்னா எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுக்கா"ன்னுட்டுப் போயிட்டாங்க.

மத்தியானம் உளுந்தஞ்சோறு, கோழிக்குழம்பு, எள்ளுத் துவையல். சாப்பிட்டு முடிச்சதும் மாமா ஆச்சியோட தகரப்பெட்டிய எடுத்துட்டு வந்தாங்க. ஒரு வருஷமா யாரும் திறக்கல, எல்லாரும் இருக்கும்போதுதான் திறக்கணும்னு வச்சிருந்தாங்களாம். நாலு சேல, தாத்தா போட்டோ, டீச்சர் வேலைக்கான ஆர்டர், பென்ஷன் புக்கு. அதுக்கடியில நோட்டுப் புத்தகங்கள், கயித்துல கட்டுனது, வருஷத்துக்கு ஒண்ணா.

இப்போ கலயத்தச் சொல்லணும். எங்க ஊர்ப் பெண்கள்கிட்ட கைப்பிடி அரிசின்னு ஒரு பழக்கம் உண்டு. சோத்துக்கு அரிசி அளக்கும்போது அதுல இருந்து ஒரு பிடிய எடுத்துத் தனியா ஒரு கலயத்துல போட்டுருவாங்க, வாரக் கடைசில அது காணிக்கையாப் போகும். காசு இல்லாத வீட்டுல கூட உலை வைக்கிற அரிசி இருக்கும்ல, அதுல ஒரு பிடி. வீட்டு ஆம்பளைகிட்டக் கேட்க வேண்டியதில்ல, அது முழுக்க முழுக்க பொம்பளைக கை. எங்க ஆச்சி ரெண்டு வேளையும் எடுப்பாங்க. மண்கலயம் உடைஞ்சு அப்புறம் எவர்சில்வர் தூக்கு ஆச்சு, பேரு மட்டும் கலயம்தான்.

நோட்டுப் பூரா அந்தக் கணக்குதான். 1958ல இருந்து. தேதி, "கை.அ.", எத்தன படி, அவ்ளோதான். ஒரு வரி கூட வேற இல்ல. சித்தி மக காலேஜ்ல கணக்குப் படிக்கா, அவ ஒரு பிடி அரிசிய ஆச்சி தராசுல நிறுத்துப் பாத்தா, சுமாரா அம்பது கிராம். ரெண்டு வேளை, 365 நாள், 66 வருஷம்னு போட்டா 2,400 கிலோ வருது. கேட்டுட்டு கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஆச்சி வீட்டுல எல்லா வருஷமும் அரிசி இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. தாத்தா கடைல நஷ்டமாகிப் படுத்துக் கெடந்த ரெண்டு வருஷம் ராத்திரி கஞ்சிதான்னு அம்மாவே சொல்லிருக்காங்க. அந்த ரெண்டு வருஷ நோட்டையும் தேடி எடுத்துப் பாத்தோம். ஒரு வாரம் கூட விடல, அளவு மட்டும் பாதியாக் கொறஞ்சிருக்கு.

இன்னொண்ணும் இருந்துச்சு. சில பக்கத்துல ஓரமா ஒரு சின்ன ஓலைக்குடிசை படம் வரைஞ்சு பக்கத்துல "சங்கம் ரூ. 12" இல்லன்னா "ரூ. 15"னு இருக்கு. யாருக்கும் புரியல. அத்தைக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. அந்தக் காலத்துல ஊர்ல ஒரு விதவை அம்மா, சபைக்குக் கட்ட வேண்டிய சங்கப்பணம் கட்ட முடியாம பாக்கி விழுந்துட்டா சபைல தலை குனியணும்னு அழுதிருக்காங்க. ஆச்சி பல வருஷம் அவங்களுக்குக் கட்டிருக்காங்க, ரசீது அந்த அம்மா பேர்லயே. தாத்தாகிட்ட கூடச் சொல்லல. பேர் எழுதுனா நாளைக்கு யாராவது படிச்சிருவாங்கன்னு படம் வரைஞ்சிருக்காங்க. அத்தைக்கே அந்த அம்மா சாகுறதுக்கு முன்னாடி சொல்லித்தான் தெரியுமாம். அத்தை அவங்க பேர இன்னைக்கும் எங்ககிட்டச் சொல்லல, நாங்களும் கேட்கல.

"இந்த அரிசியெல்லாம் எங்க போச்சு"ன்னு கேட்டேன். கொஞ்சம் நம்ம சபைக்கு, ஆச்சி குடுத்ததுல பெரும்பங்கு இந்திய மிஷனரி சங்கத்துக்குன்னு மாமா சொன்னாங்க. 1903ல பாளையங்கோட்டைல நம்ம ஆளுகளே ஆரம்பிச்சது. அரிசிய இங்கயே வித்துக் காசாக்கி, அது அந்தச் சங்கம் ஊழியம் பண்ணுற தெலுங்கு தேசத்து ஊரு டோர்னக்கல்லுக்குப் போகும். "அம்மாவுக்கு டோர்னக்கல்லப் பாக்கணும்னு ஒரு ஆச இருந்துச்சு, தெரியுமா உனக்கு?"ன்னு மாமா அம்மாவப் பாத்துக் கேட்டாங்க. அம்மாவுக்குத் தெரியல. பெத்த மகளுக்கே தெரியல. மாமாகிட்டயும் ஒரே ஒரு தடவதான் சொல்லிருக்காங்க, ரிட்டயர் ஆன வருஷம். அப்போ சித்தி கல்யாணச் செலவு, அப்புறம் தாத்தாவுக்கு முடியல, அப்புறம் ஆச்சிக்கே நடக்க முடியல.

திங்கள்

திரும்புற நாள். காலைல கிளம்பும்போது அத்தை அரிசி களைஞ்சிட்டு இருந்தாங்க. நான் பாத்துட்டே நின்னேன். அளந்து போட்டு, ஒரு பிடிய எடுத்து, ஆச்சியோட தூக்குச்சட்டில போட்டு மூடுனாங்க. நோட்டு எழுதுறதில்லையான்னு கேட்டேன். "அத்தை டீச்சரு, எழுதுனாவ. நான் போடுதேன், அவ்ளோதான்"னாங்க.

நேரா பாளையங்கோட்டை போகாம வெள்ளாளன்விளைக்கு ஒரு எட்டு போயிட்டுப் போனோம், அது மாமா யோசனை. மெஞ்ஞானபுரம் கோபுரம் பனைகளுக்கு மேல எவ்ளோ தூரத்துல இருந்து தெரியுது! வேல்ஸ்ல இருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டுனது. ஆச்சி நடந்தே அங்க போயிட்டு வருவாங்களாம் பண்டிகைக்கு. வெள்ளாளன்விளை அதுக்குப் பக்கத்துல சின்ன ஊருதான். இந்த ஊர்ல 1874ல ஒரு ஐயருக்கு மகனாப் பிறந்த அசரியாதான் அந்த மிஷனரி சங்கத்தத் தொடங்குனதுல முக்கியமான ஆளு. அப்புறம் அவரே டோர்னக்கல்லுக்கு மிஷனரியாப் போயிட்டாரு, தெலுங்கு கத்துக்கிட்டு. 1912ல இந்தியாவோட முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரா ஆனாரு, 1945ல இறக்குற வரைக்கும் அங்கதான். இந்தப் பனங்காட்டுல பிறந்தவர் எங்கயோ தெலுங்கு தேசத்துல போயி ஊழியம் பண்ணுதாரு, அவருக்கப்புறம் போனவங்களுக்கும் இங்க இருந்து பொம்பளைக பிடி பிடியா அரிசி அனுப்புதாங்க. ஆச்சிக்கு டோர்னக்கல் ஏன் அவ்ளோ பெரிசாப் பட்டுச்சுன்னு அந்த ஊர்ல நின்னப்போதான் எனக்குப் புரிஞ்சுது.

பாளையங்கோட்டைல ஊசிக்கோபுரக் கோயில். ரேனியஸ் ஐயர் 1826ல கட்டுனது, கோபுரம் 1845ல. ஆச்சியோட போர்டிங் பிள்ளைக எல்லாம் வரிசையா நடந்து வந்து இங்கதான் ஆராதனைக்கு உக்காருவாங்களாம். அப்புறம் சாராள் தக்கர் வளாகம். லீவுங்கறதால அமைதியா இருந்துச்சு, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட விஷயத்தச் சொன்னதும் மரத்தடி வரைக்கும் போயிட்டு வாங்கம்மான்னு விட்டாங்க. ஆச்சி ட்ரெயினிங் படிச்ச எடம்.

அந்த மரத்தடியிலதான் அம்மா இதச் சொன்னாங்க. சாராள் தக்கர் அம்மா இங்கிலாந்துல இருந்தவங்க, அண்ணன் ஜான் தக்கர் மெட்ராஸ்ல மிஷனரி வேல பாத்தாரு, அவரு எழுதுற கடிதாசியப் படிச்சுப் படிச்சு இந்த ஊர்ப் பொம்பளப் பிள்ளைக படிக்கணும்னு அங்க இருந்தே பணம் சேத்து அனுப்புனவங்க. அவங்க நினைவாத்தான் இந்தப் பேரு. காலேஜா வளந்தது 1895ல. அந்த அம்மா கடைசி வரைக்கும் இந்தியாவுக்கு வந்ததே இல்ல. ஆச்சி ட்ரெயினிங்ல சேந்த முதல் வாரம் இதக் கேட்டுட்டு ராத்திரி தூக்கமே வரலையாம். பாக்காத ஊருக்கு, பேர் தெரியாத பிள்ளைக்கு ஒருத்தி எதுக்குக் குடுக்கணும்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருந்தாங்களாம். "உங்க ஆச்சி எனக்கு இதப் பத்துப் பன்னண்டு தடவயாவது சொல்லிருப்பா. நான் ஏதோ ஸ்கூல் கதன்னு நினைச்சிட்டேன்ட்டி"ன்னாங்க அம்மா. முட்டுவலியோட அந்த மரத்தச் சுத்தியிருந்த திண்டுல அப்பிடியே உக்காந்துட்டாங்க. நானும் பக்கத்துல உக்காந்தேன். வாட்ச்மேன் அண்ணன் எங்களக் கூப்பிடவே இல்ல.

இப்போ திருநெல்வேலி ஜங்ஷன்ல நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி உக்காந்துட்டு எழுதுறேன். மஸ்கோத் அல்வா பொட்டலம் பெர்த்துக்கு அடியில. 1958 நோட்ட மட்டும் மாமா அம்மாகிட்டக் குடுத்துட்டாங்க, அது அம்மா மடில இருக்கு. இப்பதான் என் போன வாங்கி மேப்ல டோர்னக்கல் எங்க இருக்குன்னு காட்டச் சொன்னாங்க. விஜயவாடா தாண்டி, தெலங்கானாவுல. அங்க அசரியா கட்டுன கோயில், 1939ல பிரதிஷ்டை ஆனது, அதோட போட்டோவும் காட்டுனேன், நம்ம ஊரு மண்டபம் மாதிரித் தூணும் மேல குவிமாடமும். அம்மா ரெண்டு விரலால மேப்பச் சுருக்கி, மெஞ்ஞானபுரமும் டோர்னக்கல்லும் ஒரே திரைல வர்ற வரைக்கும் சுருக்கி, பாத்துட்டே இருந்தாங்க.

"சென்னைல இருந்து நேரா வண்டி இருக்கா?"

"இருக்கும்மா."

"கிறிஸ்மஸ்க்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம். ரெண்டு டிக்கெட்டா நாலு டிக்கெட்டான்னு உங்க மாமாகிட்டயும் அத்தகிட்டயும் கேட்டுட்டுப் போடு. அத்த வந்தா தூக்குச்சட்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லு."